தலைப்பெழுத்தில் வாழும் தகப்பன்

மோட்ரிச், ராகிட்டிச், பெரிசிச். குரோவேஷியக் கால்பந்து வீரர்களில் பலரின் பெயர் ‘இச்’ என்றே முடிகிறது. மார்க்கோவிச் என்றால் மார்க்கோவின் பிள்ளை. அந்த மார்க்கோ இன்றைய தகப்பன் அல்ல, என்றோ வாழ்ந்த மூதாதை. 1563இல் திரெண்ட் நகரில் முடிந்த கத்தோலிக்கத் திருச்சபைப் பொதுச்சங்கம், ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் ஏட்டில் பதியச் சொன்னது. அப்படிக் குரோவேஷியாவில் ஏட்டில் ஏறிய தகப்பன் பெயர் பரம்பரைப் பெயராக நிலைத்துவிட்டது.

நம் சேலம், நாமக்கல் பக்கமோ தலைப்பெழுத்தில் நிற்கும் தகப்பன் பெயர் தலைமுறைதோறும் மாறும். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வீட்டில், மு. கருப்பண்ணனின் மகன் க. முத்துசாமி, அவர் மகன் மறுபடியும் மு. கருப்பண்ணன். அதே இரண்டு பெயர்கள் இடம் மாறி மாறி வருகின்றன. மோகனூரில் 1888இல் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கத்தின் ‘வெ.’, தகப்பனார் வெங்கட்ராமன். எழுத்தாளர் ஆர்.கே. நாராயணின் ‘ஆர்’ ராசிபுரம்; ‘கே’ தலைமையாசிரியராக இருந்த தகப்பனார் கிருஷ்ணசாமி. ஊரும் தகப்பனும் இரண்டே எழுத்தில் அடங்கிவிட்டார்கள்.

ஊர்ப் பெயரே குடும்பப் பெயரான வீடும் இங்கே உண்டு. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் ஜமீன்தார் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சர். ராணுவத் தளபதியான மகன் முதல், சேலம் எம்.பி.யான பேரன் ரங்கராஜன் வரை ‘குமாரமங்கலம்’ தொடர்ந்தது.

இன்று நம் தலைப்பெழுத்தும் ஓரிடத்தில் நிற்கத் தொடங்கியிருக்கிறது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் பலர் தகப்பன் பெயரை விரித்து எழுதுகிறார்கள். வெளிநாட்டில் குழந்தை பிறந்தால், அதே கட்டத்தில் தாத்தாவின் பெயர் போய் உட்கார்ந்துவிடுகிறது. பெற்ற தகப்பன் பெயருக்கு அங்கே இடமில்லை. திருச்சபை ஏடு அன்று மார்க்கோவுக்குச் செய்ததை, பாஸ்போர்ட் படிவம் இன்று நம் முத்துசாமிக்குச் செய்கிறது.

இதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் நம் பிள்ளைகளின் பெயர் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் படிவத்தின் கட்டமா தீர்மானிப்பது? குடும்பம் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும். அப்படிப் பேசும்போது அம்மாவின் பெயரையும் சேர்த்துப் பேசுங்கள். பெற்றோரில் ஒருவர் பெயர் இருந்தாலே போதும் என்று பாஸ்போர்ட் விதி 2016 டிசம்பரிலேயே தளர்ந்துவிட்டது. சுமந்து பெற்றவளுக்குத் தலைப்பெழுத்தில் இடம் தர, இனி நாம் மனம் வைத்தால் போதும்.