விபத்துக்கு முன்னே வரும் சட்டம்

நுழையும்முன்

திருக்குறளின் 93ஆம் அதிகாரம் ‘கள்ளுண்ணாமை’. வள்ளுவர் அதனை இயற்றிய காலத்தில் மோட்டார் வாகனங்கள் இல்லை. இன்றோ, குடித்தவர் ஓட்டும் ஊர்தி, அவரை அறியாதவரின் உயிரையும் பறிக்கக்கூடும். அவ்வாறு நேராமல் தடுக்கச் சட்டம் என்ன செய்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

நாகாபந்தி இரவு

டிசம்பர் 31ஆம் நாள் இரவு மும்பையின் முதன்மைச் சாலைகளில் காவலர்கள் தடுப்புகளை வைத்து வாகனங்களை நிறுத்துவர். இதனை மும்பை மக்கள் ‘நாகாபந்தி’ என்பர். தாராவியிலிருந்தோ மாட்டுங்காவிலிருந்தோ செம்பூருக்குச் செல்லும் வழியில் நீங்களும் இதனைக் கண்டிருக்கலாம். காவலர் ஒரு சிறு கருவியை நீட்டி, ஓட்டுநரை ஊதச் சொல்வார். அந்த ஓட்டுநர் எவர்மீதும் மோதவில்லை, எதனையும் சேதப்படுத்தவில்லை. ஆயினும், கருவி வரம்புக்கு மேற்பட்ட எண்ணைக் காட்டினால் அவர் நீதிமன்றத்தில் நிற்க நேரும்.

ஒரு தீங்கும் நிகழாதபோது தண்டனை எதற்கு? இவ்வினாவுக்குரிய விடையை மும்பையில் நிகழ்ந்த ஒரு துயரத்திலிருந்து அறியலாம்.

கார்ட்டர் சாலை வழக்கு

2006ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், பொழுது விடியவில்லை. பாந்த்ராவின் கடற்கரையை ஒட்டிய கார்ட்டர் சாலையில், சாலைப்பணிக்காக வெளிமாநிலத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்தனர். பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த எளிய மக்கள் அவர்கள். விரைந்து வந்த கார் ஒன்று நடைபாதைமீது ஏறியது. எழுவர் உயிரிழந்தனர், எண்மர் காயமுற்றனர். காரை ஓட்டிய இளைஞரின் இரத்தத்தில், 100 மில்லிலிட்டருக்கு 112 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தது. இது சட்ட வரம்பைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

2007ஆம் ஆண்டில் அமர்வு நீதிமன்றம் இதனைக் கவனக்குறைவால் நேர்ந்த மரணம் எனக் கொண்டு ஆறு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. அதே ஆண்டில் பம்பாய் உயர் நீதிமன்றம், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் இது எனத் தீர்ப்பளித்துத் தண்டனையை மூன்றாண்டுகளாக உயர்த்தியது. குடித்துவிட்டு அவ்வளவு விரைவாக ஓட்டினால் உயிர் போகக்கூடும் என்பதை அறிந்திருந்தும் ஓட்டினார் என்பதே அதன் கருத்து. 2012ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இத்தீர்ப்பை உறுதி செய்தது. மூன்றாண்டுத் தண்டனையும் போதாது என்றே அந்நீதிமன்றம் கருதியது. எனினும், தண்டனையை உயர்த்தக் கோரி அரசு மேல்முறையீடு செய்யாமையால் அதனைக் கூட்டவில்லை.

இறுதித் தீர்ப்பு வர ஐந்தாண்டுகளுக்கு மேலாயிற்று. எத்தகைய தீர்ப்பாலும் அந்த எழுவரையும் அவர்களுடைய குடும்பங்களுக்கு மீட்டுத்தர இயலவில்லை. ஆகவேதான், விபத்து நேரும்வரை காத்திராமல், குடித்தவர் வண்டியை ஓட்டும்போதே சட்டம் குறுக்கிடுகிறது.

கருவி எவ்வாறு அறிகிறது?

குடித்த ஆல்கஹால், இரைப்பையிலிருந்தும் சிறுகுடலிலிருந்தும் இரத்தத்தில் கலக்கிறது. அவ்விரத்தம் நுரையீரலுக்குச் செல்லும்போது ஆல்கஹாலின் ஒரு பகுதி ஆவியாகி மூச்சில் சேர்கிறது. ஆகவே, மூச்சிலுள்ள அளவைக்கொண்டு இரத்தத்திலுள்ள அளவைக் கணக்கிட முடிகிறது.

மோர் குடித்தாலோ, குளிர்ந்த நீரில் குளித்தாலோ போதை தெளிந்துவிடும் எனச் சிலர் எண்ணுவர். அது தவறு. கல்லீரலே ஆல்கஹாலின் பெரும்பகுதியைச் சிதைக்கிறது. பொதுவாக ஒரு மணி நேரத்தில் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 15 மில்லிகிராம் அளவே குறையும். அதனால், இரவில் மிகுதியாகக் குடித்தவர் காலையிலும் வரம்பைக் கடந்த நிலையில் இருக்கலாம்.

போதை, மூளை முடிவெடுக்கும் விரைவைக் குறைக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். தடையை மிதிக்க அரை நொடி தாமதமானால், வண்டி எட்டு மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடிவிடும். சாலையைக் கடக்கும் ஒருவர் பிழைப்பதும் இறப்பதும் அந்த எட்டு மீட்டரில் அடங்கியிருக்கலாம்.

சட்டம் கூறுவன

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 185ஆம் பிரிவின்படி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் கொண்டு வாகனம் ஓட்டுவது குற்றம். போதைப்பொருளால் தன்னிலை இழந்து ஓட்டுவதும் அவ்வாறே. 2019ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, தண்டனை கடுமையாக்கப்பட்டது.

முதன்முறை: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

மறுமுறை: இரண்டாண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

இக்குற்றத்திற்குச் சாலையிலேயே பணம் கட்டித் தீர்த்துக்கொள்ள வழியில்லை. வழக்கு நீதிமன்றத்திற்கே செல்லும். காவலர் பிடியாணையின்றிக் கைது செய்யலாம். ஆயினும், கைதானவருக்கு இரண்டு மணி நேரத்திற்குள் மருத்துவச் சோதனை நடைபெற வேண்டும். நடைபெறாவிடில் அவரை விடுவிக்க வேண்டும். சட்டம் கடுமையாக இருப்பினும், குடிமகனின் உரிமையையும் அது காக்கிறது. தக்க காரணமின்றிச் சோதனைக்கு மறுத்தால், அம்மறுப்பே அவருக்கு எதிரான சான்றாகக் கொள்ளப்படலாம். குடித்தவரை வண்டி ஓட்டத் தூண்டுபவருக்கும் அதே தண்டனை உண்டு.

ஓட்டுநர் உரிமத்தையும் மூன்று மாதம் முடக்கலாம். மறுமுறை அதனை நீக்கவே செய்யலாம். ஆட்டோவோ டாக்சியோ ஓட்டிக் குடும்பத்தைக் காக்கும் ஒருவருக்கு, உரிமம் இல்லாத மூன்று மாதம் என்பது வருவாய் இல்லாத மூன்று மாதமாகும். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக்கட்டணமும் அந்த ஓர் இரவால் தடுமாறும். போதையில் மோதிய வண்டியின் சேதத்திற்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர மறுக்கலாம். உயிரிழப்பு நேர்ந்து, அறிந்தே இழைத்த குற்றம் என மெய்ப்பிக்கப்பட்டால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 105ஆம் பிரிவின்படி பத்தாண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம்.

பிற நாடுகளில்

ஹங்கேரி, செக் குடியரசு ஆகிய நாடுகளில் ஓட்டுநருக்கு அனுமதிக்கப்பட்ட அளவு சுழியமே. ஜப்பானில் வரம்பு, இந்தியாவைப்போலவே 30 மில்லிகிராம். ஆனால், குடித்தவருக்கு வண்டி கொடுப்பவரும், ஓட்டுநர் எனத் தெரிந்தே மது தருபவரும் அங்குத் தண்டிக்கப்படுவர்.

நம் கடமை

திருமணம், பண்டிகை, புத்தாண்டு முதலிய நாள்களில் பெரியவர்கள் கூடுவர். அவர்களுள் குடித்த ஒருவர் வண்டிச்சாவியை எடுத்தால், “இன்று டாக்சியில் போகலாம், மாமா” என்று பணிவுடன் கூறுங்கள். அவர் கேளாவிடில், அவ்வண்டியில் ஏறாமல் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் தெரிவியுங்கள். ஒரு குழந்தையின் சொல்லால் காக்கப்படுவது அவர் உயிர் மட்டுமன்று. சாலையோரத்தில் உறங்கும், நாம் பெயரறியாத ஒருவரின் உயிருமாகும்.

அருஞ்சொற்பொருள்

எழுவர் – ஏழு பேர்
எண்மர் – எட்டுப் பேர்
பிடியாணை – கைது செய்ய நீதிமன்றம் தரும் ஆணை
மேல்முறையீடு – தீர்ப்பை மாற்றக் கோரி உயர்ந்த நீதிமன்றத்தை நாடுதல்
சுழியம் – பூச்சியம்

சிந்தித்து விடையளிக்க

1. கார்ட்டர் சாலை வழக்கில் அமர்வு நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் வேறுபட்ட இடம் யாது?
2. இரவில் குடித்தவர் காலையில் வண்டி ஓட்டுவதும் குற்றமாகக்கூடும். ஏன்?
3. “விபத்து நேராதபோதும் தண்டிப்பது முறையே.” இக்கூற்றை ஏற்கிறீர்களா? காரணம் காட்டி ஐந்து வரிகளில் எழுதுக.