மின்தராசுக்குச் சாட்சி யார்?



யாழ்ப்பாணத்துக் கஸ்தூரியார் வீதியில் நகை வாங்கச் சென்றோர், கண்ணாடிக் கூண்டினுள் இருக்கும் சிறு மின்தராசைக் கண்டிருப்பீர்கள். ஒரு பவுண், அதாவது 8 கிராம் பொன்னைத் தட்டில் வைத்ததும் எண்கள் ஒளிர்கின்றன. அவற்றை ஐயமின்றி ஏற்றுக்கொள்கின்றோம். ஆயின், அத்தராசு மெய் கூறுகின்றது என்பதற்குச் சாட்சி யார்?

முற்காலப் பொற்கொல்லர் ஒரு தட்டில் பொன்னையும் மறு தட்டில் குன்றிமணியையும் இட்டனர். குன்றிமணியிற் பெரிதும் சிறிதும் உண்டு. அது வேறு குறை. எனினும், பூமி இரு தட்டுகளையும் ஒருபடித்தாகவே இழுப்பதால், அத்தராசை எந்நாட்டுக்குக் கொண்டு சென்றாலும் முடிவு மாறாது. மின்தராசு அத்தகையதன்று. சந்தையில் உள்ள மின்தராசின் தட்டின் கீழ் ஓர் உலோகக் கட்டை இருக்கின்றது. சுமை ஏறியதும் அது கண்ணுக்குப் புலப்படாத அளவு வளைகின்றது. அதன்மேல் ஒட்டிய மெல்லிய உலோக இழைகள் நீளுமிடத்து மின்தடை கூடும், சுருங்குமிடத்துக் குறையும். அந்த நுண்ணிய மாற்றத்தை வீட்ஸ்டன் பாலம் என்னும் மின்சுற்று உணர்ந்து காட்டுகின்றது. (இப்பாலத்தை 1833இல் முதலில் விவரித்தவர் கிறிஸ்டி, பெயரோ வீட்ஸ்டனுக்குப் போயிற்று!) நுண்தராசுகளில் கட்டைக்குப் பதிலாகக் காந்தச் சுருள் சுமையைத் தாங்குகின்றது. இரண்டும் உண்மையில் அளப்பது திணிவை அன்று, பூமி இழுக்கும் விசையை.

அவ்விழுவிசை எங்கும் ஒன்றன்று. பேர்லினிற் சரிசெய்யப்பட்ட மின்தராசை அவ்வாறே யாழ்ப்பாணத்தில் வைத்தால், 1 கிலோகிராமுக்குச் சுமார் 3 கிராம் குறைத்துக் காட்டும். அத்தராசில் 50 கிலோ வெங்காய மூட்டையை நிறுத்துக் கொடுக்கும் கமக்காரர் ஏறக்குறைய 160 கிராமை இழப்பார். இருபது மூட்டையாயின் மூன்று கிலோவுக்கு மேல். பத்துப் பவுண் நகையை அடகு வைக்கும் பெண்ணுக்குக் கால் கிராம் பொன் கணக்கில் வராது. இங்கே எவரும் கள்ளம் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே கருவியை அது பயன்படும் இடத்திலேயே நியமப் படியுடன் ஒப்பிடுதல் வேண்டும். ஒப்பிட்டு, பிழை எவ்வளவு எனப் பதிவது அளவுகோடிடல். அப்பிழை சட்டம் பொறுக்கும் எல்லைக்குள் அமைகின்றதா என்று தீர்ப்பது சரிபார்த்தல். இரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். இலங்கையில் 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் வணிகத் தராசுகளைச் சரிபார்த்து முத்திரையிடுகின்றது. பரிசோதகரின் படி அதனினும் நுண்ணிய படியுடன் ஒப்பிடப்பட்டது. அது தேசிய நியமத்துடன். இச்சங்கிலியின் தலையில் 1889 முதல் பிரான்சின் செவ்ரில் காக்கப்பட்ட உலோக உருளை இருந்தது. 2019 மே 20 முதல் அவ்விடத்தைப் பிளாங்க் மாறிலி பெற்றுள்ளது.

படியைத் தட்டின் நடுவில் மட்டும் வைத்துப் பார்த்தல் போதாது. நான்கு மூலைகளிலும் வைத்தல் வேண்டும். சிறு சுமை, பெருஞ்சுமை இரண்டையும் ஏற்றி இறக்குதல் வேண்டும். தராசு மட்டமாக நிற்கின்றதா என்பதை நீர்மட்டக் குமிழி காட்டும். கடையில் நீங்களே காணக்கூடியது இது: பொருள் வைக்குமுன் சுழியம் தெரிகின்றதா, முத்திரை இவ்வாண்டினதா என்று பாருங்கள்.

கொழும்பிலிருந்து வரும் தராசுக்கும் இவ்விதி உண்டு. சந்தைக்கு அவ்வேறுபாடு பொருட்டன்று. ஆயினும் திருநெல்வேலியில் உள்ள பல்கலைக்கழக ஆய்வுகூடத்து நுண்தராசு மில்லிகிராமின் பத்தில் ஒரு பங்கையும் காட்டவல்லது. கொழும்பிற் சரிசெய்த அத்தகைய கருவி, அகலாங்கு வேறுபாடு ஒன்றினாலேயே, இங்கு 100 கிராமுக்கு ஏறக்குறைய 7 மில்லிகிராம் கூட்டிக் காட்டும்.