மூன்று வயசுப் பிள்ளைக்கு விளையாட்டுத்தான் பாடம்



"டிரெஸர் ஐயா, இவனுக்கு மூணு வயசு முடிஞ்சிருச்சு. பென்சிலக் குடுத்தா தூக்கிப் போட்டுட்டு மண்ணுல வெளையாடப் போயிடுறான். ஞாபக சக்திக்கு ஏதாச்சும் டானிக் இருந்தா குடுங்க." இப்படிக் கேட்டுக்கொண்டு வருகிற தாய்மார்கள் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போகிறார்கள். காய்ச்சலுக்கு மருந்து உண்டு, சிரங்குக்கு மருந்து உண்டு. விளையாடுகிற பிள்ளையை நிறுத்த மருந்து கிடையாது. இருந்தாலும் நான் கொடுக்க மாட்டேன்.

முதலில் பிள்ளையின் கையைப் பாருங்கள். பெரியவர்களின் மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் இருக்கின்றன. மூன்று வயசில் அவற்றில் இரண்டு அல்லது மூன்றுதான் எலும்பாகியிருக்கும். மற்றவை இன்னும் குருத்தாகவே இருக்கும். எக்ஸ்ரே எடுத்தால் அந்த இடம் காலியாகத்தான் தெரியும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து, ஒரு பக்கம் முழுக்க 'அ' எழுது என்றால் என்ன ஆகும்? கை வலிக்கும், அழும், புத்தகத்தைக் கண்டாலே ஓடும். நாம் வட்டம் போட்டுக் காட்டினால் அதைப் பார்த்து ஒரு வட்டம் போடுவது, எட்டு ஒன்பது கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது, பெரிய மணிகளைக் கயிற்றில் கோர்ப்பது, இவைதான் அந்த வயசுக் கைக்குரிய வேலை.

அலோர் ஸ்டார் டவுனில் பிள்ளையைச் சேர்த்த ஒரு தாய் என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். மூன்று வயசுப் பிள்ளைக்கு வீட்டுப் பாடம், அதுவும் மூன்று மொழியில்! மாதம் நூற்றுக்கணக்கில் வெள்ளி கட்டி இதை வாங்குகிறோம். சட்டம் என்ன சொல்கிறது? நம் நாட்டில் பாலர் பள்ளி என்பது 4 முதல் 6 வயசு வரை; 1996ஆம் வருஷத்துக் கல்விச் சட்டத்தில் அது சேர்ந்தது. நாலு வயசுக்குக் கீழே என்றால் அது குழந்தைக் காப்பகம், அதாவது தஸ்கா. அதற்கு 1984ஆம் வருஷத்துத் தனிச் சட்டம் இருக்கிறது. சமூக நல இலாகாவில் அது பதிவாகியிருக்க வேண்டும். மூன்று வயசுப் பிள்ளைகளாக இருந்தால் பத்துப் பேருக்கு ஒரு பராமரிப்பாளர் வேண்டும். பிள்ளையைச் சேர்க்கும்போது 'என்ன சொல்லிக் கொடுப்பீங்க?' என்று மட்டும் கேட்காமல், 'விளையாட இடம் எங்கே? பிள்ளைகள் எத்தனை, பார்த்துக்கொள்பவர் எத்தனை?' என்றும் கேளுங்கள்.

தோட்டத்தில் இருந்தவர்களுக்கு ஆயாக் கொட்டகையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெரட்டுக்கு முன்னே, இருட்டோடு இருட்டாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வெட்டுக்குப் போவார்கள். வரிசையாகத் தூளி தொங்கும். ஆயாவின் வேலை பால் கொடுப்பது, தூங்க வைப்பது, அழாமல் பார்த்துக்கொள்வது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இதையே பிள்ளைக் காம்பரா என்பார்கள். பின்னாளில் அவற்றைச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாற்றினார்கள். இங்கேயும் 1990ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று தோட்ட முதலாளி காப்பகம் அமைப்பதைப் பற்றிப் பேசுகிறது. ஆயாக்களை நான் குறை சொல்லவில்லை. ஒரு கையில் கைக்குழந்தை, இன்னொரு கையில் பால் புட்டி, எதிரே பதினைந்து பிள்ளைகள் என்றால் யாரால் விளையாட்டுக் காட்ட முடியும்? ஆனால் பிள்ளை அழாமல் இருப்பது வேறு, வளர்வது வேறு.

உலகத்தில் பேர் வாங்கிய பாலர் வகுப்புகள் சில, நம்மைப் போன்ற தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவைதான். 1907இல் ரோமாபுரியில், சான் லொரென்சோ என்ற ஏழைகள் வட்டாரத்தில், தாய் தகப்பன் வேலைக்குப் போனபின் தனியாகக் கிடந்த பிள்ளைகளுக்காக ஓர் இடம் திறந்தார்கள். அதை நடத்திய மரியா மாண்டிசோரி அம்மையார் ஒரு டாக்டர். 1939இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். லண்டனில் டெட்ஃபோர்ட் என்ற இடத்தில் மெக்மில்லன் சகோதரிகள் முதலில் நடத்தியது கிளினிக்தான். மருந்து போட்டு அனுப்பிய பிள்ளைகள் அதே நோயோடு திரும்பி வந்தார்கள். (இந்தக் கதை எந்தத் தோட்ட டிரெஸருக்கும் தெரியும்!) ஆகவே 1914இல் தோட்டத்தோடு கூடிய திறந்தவெளிப் பாலர் பள்ளியை ஆரம்பித்தார்கள். மண், தண்ணீர், வெயில், விளையாட்டு, வயிறாரச் சாப்பாடு எல்லாம் அங்கே கிடைத்தன.

இதையெல்லாம்விட என்னை யோசிக்க வைத்தது ஜமைக்கா நாட்டுச் சங்கதி. அங்கே கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடும்பங்களில், சத்துக் குறைவால் வளர்த்தி குன்றிய 129 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சேர்க்கும்போது வயசு 9 மாதத்திலிருந்து 24 மாதம் வரை. ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ பால் மாவு. ஒரு பிரிவுக்கு விளையாட்டு மட்டும். ஒரு பிரிவுக்கு இரண்டும். கடைசிப் பிரிவுக்கு இரண்டும் இல்லை. இப்படி இரண்டு வருஷம் நடந்தது. விளையாட்டு சொல்லிக் கொடுத்தவர் வாத்தியார் அல்ல. எங்களைப் போன்ற சுகாதார ஊழியர் வாரம் ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போய், கழித்துப்போட்ட சாமான்களில் செய்த பொம்மைகளை வைத்து எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார். 1991இல் முடிவு வெளிவந்தது. பாலும் பலன் தந்தது, விளையாட்டும் பலன் தந்தது. இரண்டும் கிடைத்த பிள்ளைகள் அறிவு வளர்ச்சியில் நல்ல வளர்த்தியுள்ள பிள்ளைகளைக் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்துவிட்டார்கள். இருபது வருஷம் கழித்து அவர்கள் வேலைக்குப் போனபின் மறுபடி பார்த்தார்கள். விளையாட்டுப் பயிற்சி கிடைத்தவர்களின் சம்பளம், கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகமாக இருந்தது. பாலின் பலன் அப்படி நீடிக்கவில்லை. சம்பளப் பேச்சுவார்த்தையில் நாம் எத்தனை காசுக்கு மல்லுக்கு நிற்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள்!

இதற்குக் காசு வேண்டாம். மைலோ டின், சிரட்டை, தீப்பெட்டி அட்டை, ஒரு வாளித் தண்ணீர் போதும். சிரட்டையிலிருந்து டின்னுக்குத் தண்ணீர் ஊற்றும் பிள்ளை அளவைப் படிக்கிறது. பெரிய இலை, சின்ன இலை என்று பிரித்து வைக்கும் பிள்ளை கணக்கைத் தொடங்கிவிட்டது. மண்சோறு ஆக்கி, "தம்பி, ஒனக்குக் கொழம்பு ஊத்தவா?" என்று கேட்கும் பிள்ளை பேச்சையும் பகிர்வதையும் படிக்கிறது. அந்த நேரம் நீங்கள் செய்ய வேண்டியது பக்கத்தில் உட்கார்ந்து, "கொழம்பு எப்படிம்மா வச்சே?" என்று பதில் பேசுவதுதான். தாய்மொழியிலேயே பேசுங்கள். கைத்தொலைபேசியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினால் இந்தப் பேச்சு நடக்காது. மூன்று, நாலு வயசுப் பிள்ளை நாளுக்கு 3 மணி நேரமாவது ஓடியாட வேண்டும், திரை 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது, 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது.

ஆனால் எதை வைத்து விளையாடுகிறது என்பதில் கண் வேண்டும். ரப்பர் கொட்டையைப் பச்சையாகக் கடித்தால் விஷம். குன்றிமணியும் அப்படியே. மூன்று சென்டிமீட்டருக்குக் குறைந்த எந்தச் சாமானும் தொண்டையில் அடைக்கும். புல்லு மருந்து டப்பாவை எத்தனை தடவை கழுவினாலும் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். பாராகுவாட் 2020 ஜனவரியில் தடையானது. பழைய டப்பா எங்காவது ஸ்டோர் மூலையில் கிடக்கலாம். பால் உறைய வைக்கும் ஆசிட்டை மினரல் தண்ணீர் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் உண்டு, இன்றே விடுங்கள். வாளித் தண்ணீர் விளையாட்டு முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். மண்ணில் விளையாடினால் காலில் சிலிப்பர், பிறகு கைக்குச் சவர்க்காரம், காலாகாலத்தில் பூச்சி மருந்து. கையிலும் காலிலும் வாயிலும் கொப்புளம் கண்ட பிள்ளையைக் காப்பகத்துக்கு அனுப்பாதீர்கள்.

விளையாடுகிற பிள்ளையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். விளையாடாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைத்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டும். "ரொம்பச் சாது, தொந்தரவே குடுக்காது" என்று ஆயா சொன்னால் கண்ணின் கீழிமையை இழுத்துப் பாருங்கள். வெளுத்திருந்தால் இரத்தசோகையாக இருக்கலாம், பூச்சியும் காரணமாகலாம். கூப்பிட்டால் திரும்பவில்லையா, காதைப் பார்க்க வேண்டும். மூன்று வயசில் இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசவில்லை, மற்ற பிள்ளைகள் பக்கமே திரும்பவில்லை, அடிக்கடி விழுகிறது என்றால் 'போகப் போகச் சரியாயிடும்' என்று ஒத்திப்போடாதீர்கள். பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளினிக் கெசிஹாத்தான் போங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தருவார்கள்; அலோர் ஸ்டார் பக்கத்தாருக்கு சுல்தானா பாஹியா, சுங்கைப் பட்டாணி பக்கத்தாருக்கு சுல்தான் அப்துல் ஹலிம். போகும்போது பிள்ளைக்குப் பிடித்த விளையாட்டுச் சாமான் ஒன்றைக் கூடவே கொண்டுபோங்கள். பிள்ளை அதை என்ன செய்கிறது என்று டாக்டர் பார்க்க வேண்டும்.