'ஓ' போட்டுவிட்டுப் போன துண்டு

குட்டீஸ், நோட்டையும் பென்சிலையும் எடுங்க. 'டூ நாட்' என்பதன் சுருக்கமான 'டோன்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை எழுதுங்க. பார்க்காமல் எழுதணும்!

மேலே தொங்குமே ஒரு குட்டி கமா, அதை எங்கே வைத்தீர்கள்? 'டூ' முடிந்த உடனே வைத்திருந்தால் தவறு. 'என்' எழுத்துக்கும் கடைசி 'டி'க்கும் நடுவில் இருந்தால், சபாஷ்!

எத்தனையோ வருடம் நோட்டு திருத்தியிருக்கிறேன். எழுத்தெல்லாம் சரியாக இருக்கும். கமா மட்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். அதற்குக் காரணமும் உண்டு. 'ஐ ஆம்' சுருங்கி 'ஐம்' ஆகும்போதும், 'இட் இஸ்' சுருங்கி 'இட்ஸ்' ஆகும்போதும் இரண்டு சொல்லும் சேரும் இடத்தில்தான் கமா வரும். அதனால் பிள்ளைகள், கமா என்றால் சொற்களை ஒட்டுகிற பசை என்று நினைத்துவிடுகிறார்கள்.

அது பசை இல்லை. பஸ்ஸில் எழுந்து போகிறவர் சீட்டில் துண்டு போடுவாரே, அந்தத் துண்டு! 'இங்கே ஓர் எழுத்து இருந்தது' என்று காட்டுவதே அதன் வேலை. அதன் பெயர் அப்பாஸ்ட்ரஃபி. 'இஸ்' என்பதில் எழுந்து போவது முதல் எழுத்து. 'நாட்' என்பதில் எழுந்து போவது நடுவில் இருக்கும் 'ஓ'. துண்டும் அங்கேதானே விழும்? 'டிடன்ட்', 'டஸன்ட்', 'ஹேவன்ட்' எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

நாமும் 'வரவில்லை' என்பதை 'வரலை' என்கிறோம். ஆனால் துண்டு போடுவதில்லை!

சில சொற்கள் கொஞ்சம் குறும்பு. 'ஷேல் நாட்' சுருங்கி 'ஷான்ட்' ஆகும்போது இரண்டு 'எல்'லும் காணாமல் போகும். ஆனாலும் ஒரே கமாதான். 'ஆலிஸ்' கதை எழுதிய லூயிஸ் கரோல் இதை ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு இடத்தில் எழுத்து போனால் இரண்டு கமா வேண்டும் என்று 1893-ல் வந்த தன் புத்தகத்தின் முன்னுரையில் வாதாடினார். ஆக்ஸ்போர்டில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர் அல்லவா! நாடக ஆசிரியர் பெர்னாட் ஷா நேர் எதிர். 'டோன்ட்', 'கேன்ட்' போன்றவற்றில் கமாவே வேண்டாம் என்று தூக்கிவிட்டார். 'ஹீ வில்' என்பதன் சுருக்கத்தில் விட்டுவைத்தார். அங்கே எடுத்தால் 'ஹெல்', அதாவது நரகம் ஆகிவிடுமே! இரண்டு பேர் வழியும் பரீட்சையில் வேண்டாம், மார்க் போகும்.

'வில் நாட்' எப்படி 'வோன்ட்' ஆனது? பழைய ஆங்கிலத்தில் 'வில்' என்பதை 'வோல்' என்றும் சொன்னார்கள். அந்த 'வோல்' மறைந்துவிட்டது. அதன் சுருக்கம் மட்டும் தங்கிவிட்டது. இதில் கமாவை மறந்தால் 'பழக்கம்' என்று பொருள்படும் வேறொரு சொல்லாகிவிடும். 'கேன்ட்' என்பதில் மறந்தால் பாசாங்குப் பேச்சு! இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள் என்பதால், எழுத்துப்பிழை பார்க்கும் கம்ப்யூட்டர்கூடக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம்.

இன்னொன்று. தலைமை ஆசிரியருக்கு லீவ் லெட்டர் எழுதும்போது சுருக்கம் வேண்டாம், முழுசாகவே எழுதுங்க. கதையில் இரண்டு பேர் பேசுகிற இடத்தில் சுருக்கினால்தான் அழகு.

சந்தேகம் வந்தால் இரண்டு சொல்லையும் முழுசாக எழுதி, 'நாட்' என்பதன் 'ஓ'வைப் பென்சிலால் அடியுங்கள். அடித்த இடத்தில் கமா. இப்போது 'மஸ்ட் நாட்' என்பதைச் சுருக்குங்க பார்ப்போம். பேசும்போது முதல் 'டி' காதில் விழாது. எழுதும்போது அதை விட்டுவிடாதீங்க!