தேய்த்தால் போய்விடும் விலை

வட்டக்கோட்டைக்குப் போகிறவர்கள் கருங்கல்லில் மீன் சின்னத்தைத் தேடுவார்கள், மேலே ஏறிக் கடலைப் பார்ப்பார்கள். கோட்டையை எடுத்துக் கட்டிய டிலனாய், 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர். பிறகு அவருக்கே தளபதியாகி, திருவிதாங்கூர் படையை ஐரோப்பிய முறையில் பழக்கியவர். 1809இல் தன்னை எதிர்த்தெழுந்த வேலுத்தம்பி தளவாயை ஒடுக்க, கிழக்கிந்தியக் கும்பினிப் படை ஆரல்வாய்மொழி வழியாக நாஞ்சில் நாட்டுக்குள் புகுந்தது. அந்தச் சிப்பாய்களின் துப்பாக்கி முனையில் மாட்டும் கத்திதான் பயனெட்.

இந்தப் பக்கத்துப் பரணிலோ ஆக்கர் கடையிலோ அப்படி ஒன்று அகப்பட்டால் வயதை எப்படிக் கணிப்பது?

முதலில் பிடியைப் பாருங்கள். பிடியே இல்லாமல் வளைந்து திரும்பும் வெட்டுள்ள குழாயும், அதிலிருந்து ஒதுங்கி நிற்கும் முப்பட்டை அலகும் இருந்தால் அது குழாய் பயனெட். இதற்கு முந்தைய வகையைத் துப்பாக்கியின் வாய்க்குள்ளேயே தக்கை மாதிரி செருகினார்கள். செருகினால் சுட முடியாது. 1689இல் ஸ்காட்லாந்தின் கில்லிகிராங்கியில் அரசுப் படை சிதறியதற்கு இதுவும் ஒரு காரணம். குழாய் வந்ததும் கத்தி மாட்டியபடியே சுட முடிந்தது.

முப்பட்டை என்றதும் வேலுத்தம்பி காலம் என்று விலை பேச ஆரம்பித்துவிடாதீர்கள். கும்பினிக் காலத்து 'பிரவுன் பெஸ்' துப்பாக்கிக்கான அலகு சுமார் 17 அங்குலம். மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிக்கான 1876 மாதிரி பயனெட்டும் முப்பட்டைதான், ஆனால் ஏறக்குறைய 22 அங்குலம். அளவுநாடா போதும்.

மரப்பிடியும் வாள் போன்ற 17 அங்குல அலகும் இருந்தால், பெரும்பாலும் லீ என்ஃபீல்டு துப்பாக்கிக்கான 1907 மாதிரி. அலகின் அடியில் கிரீடத்தோடு '1907' என்று இருக்கும். அதைச் செய்த ஆண்டு என்று நம்பிப் பணம் கொடுத்தவர்கள் உண்டு. அது மாதிரியின் பெயர். மாதமும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் தனியே இருக்கும். 'ஆர்எஃப்ஐ' முத்திரை என்றால் வங்காளத்து இசாப்பூர் தொழிற்சாலை. பிடிக்கும் அலகுக்கும் நடுவே உள்ள குறுக்குத் தகட்டில், 1913இல் கைவிடப்பட்ட வளைந்த கொக்கி இருந்தால் விலை பல மடங்கு. அதனாலேயே சாதாரணக் கத்தியில் கொக்கியைப் பற்றவைத்து விற்கிறார்கள். கொக்கி சேரும் இடத்தில் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள், ஒட்டு தெரியும்.

இவ்வளவும் தெரிந்தவர்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததும் உப்புத்தாளை எடுப்பார், அல்லது புளி போட்டுத் தேய்ப்பார். அதைவிடப் பெரிய கெடுதல் இல்லை. முத்திரை மயிரிழை ஆழம்தான். பளபளப்பாக்கும்போது அதுவும் தேய்ந்துபோகும். கரும்பழுப்பாக இறுகிய மேற்பரப்பு பழமைக்குச் சாட்சி, அதை விட்டுவிடுங்கள். ஆரஞ்சு நிறத்தில் உதிர்ந்து, ஈரத் துளி பூக்கும் துருதான் ஆபத்து. கடலுப்பின் குளோரைடு இரும்புக்குள் இறங்கி, காற்றின் ஈரத்தை இழுத்து அரித்துக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கத்தியை உலர வைத்துக் காப்பு வேதியியல் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. 2016 ஆயுத விதிகளின் பட்டியலில் பயனெட் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. வாங்குமுன் கலெக்டர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972 தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. மண்ணுக்குள் புதைந்து கிடைத்து, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால், 1878 புதையல் சட்டப்படி கலெக்டரிடம் சொல்லியாக வேண்டும். வட்டக்கோட்டையோ தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். அங்கே மெட்டல் டிடெக்டரோடு போகாதீர்கள்.