வெட்டியது தெரியாமல் ஒட்டுவது

கதை வாசிப்பு, நேர்காணல், வானொலி உரை எதுவானாலும் ஒரே மூச்சில் பதிவாகிவிடுவதில்லை. வாசிப்பவர் தடுமாறுவார், இருமுவார். தெருவில் ஹாரன் அலறும். அந்தப் பகுதியை வெட்டி எறிந்தால் கணினித் திரையில் இரண்டு கிளிப்புகளும் நடுவே ஓர் ஓட்டையும் மிஞ்சும். வலப்பக்கக் கிளிப்பை மவுஸால் இழுத்து இடப்பக்கத்தோடு சேர்த்தால் ஓட்டை மூடிவிடும். மூடிய இடம் காதில் படாமல் இருக்க வேண்டும். எடிட்டரின் திறமை தெரிவது அங்கேதான்.

முதலில் அந்த ஓட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். சி.டி. தரத்தில் கணினி ஒலியை நொடிக்கு 44,100 எண்களாக எழுதி வைக்கிறது, வீடியோவுக்கு 48,000. ஓட்டையில் அத்தனை எண்களும் 0. இப்படிப்பட்ட நிசப்தம் எந்த அறையிலும் கிடையாது. ஏசியின் உறுமல், குழல்விளக்கின் ரீங்காரம், மைக்கின் சொந்த இரைச்சல் என ஏதாவது ஒன்று பேச்சுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடும்வரை அதை யாரும் கவனிப்பதில்லை. சட்டென்று நின்றால் மட்டும் காது விழித்துக்கொள்ளும். பதிவு அறுந்துவிட்டதோ என்று கேட்பவர் போனை எடுத்துப் பார்ப்பார். அதனால் அனுபவசாலிகள் பதிவு முடிந்ததும் யாரையும் பேசவிடாமல் அரை நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்துகொள்கிறார்கள். எங்கே இடைவெளி வேண்டுமோ அங்கே அந்த அறை ஒலியை வைத்து நிரப்பலாம். செலவில்லாத வேலை; பலர் செய்யாமல் விடுவதும் இதைத்தான்.

அடுத்த தொல்லை ‘டிக்’ ஒலி. இடப்பக்கக் கிளிப் அலையின் உச்சியில் முடிந்து, வலப்பக்கக் கிளிப் பள்ளத்தில் தொடங்கினால், ஸ்பீக்கரின் கூம்பு ஒரே தாவலாகத் தாவ வேண்டியிருக்கும். அந்தத் தாவல்தான் காதில் டிக் என்று விழுகிறது. அலை சுழிக்கோட்டைக் கடக்கும் புள்ளியில் வெட்டினால் இது பெரும்பாலும் அடங்கும். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் பகுதியைத் தேர்ந்துகொண்டு இசட் விசையைத் தட்டினால், தேர்வின் இரு முனைகளும் அருகிலுள்ள சுழிப்புள்ளிக்கு நகர்ந்துவிடும். இதைவிட நம்பகமான வழி கிராஸ்ஃபேட். முதல் கிளிப் தேய்ந்துகொண்டே போக, அதன் மேலேயே இரண்டாவது வளர்ந்து வரும். பேச்சுக்கு ஒரு நொடியின் நூறில் ஒன்றிரண்டு பங்கு நேரம் போதும்.

இந்தக் கிராஸ்ஃபேட் கணினி கண்டுபிடித்ததல்ல. 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஏஇஜி நிறுவனம் மேக்னெட்டோஃபோன் என்ற நாடாப் பதிவுக் கருவியைக் காட்டியது. போர் முடிந்தபின் ஜாக் மல்லின் என்ற அமெரிக்கப் பொறியாளர் அத்தகைய கருவிகள் இரண்டைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோனார். 1947இல் பாடகர் பிங் கிராஸ்பியின் வானொலி நிகழ்ச்சியை அவர் நாடாவில் பதிந்து, வெட்டி, ஒட்டித் தந்தார். அந்தக் காலத்து வெட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ரீல்களைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல உருட்டி, சொல் எங்கே தொடங்குகிறது என்று காதால் பிடிப்பார்கள். நாடாவின் முதுகில் மெழுகுப் பென்சிலால் கோடு போட்டு, நடுவே பள்ளம் ஓடும் உலோகக் கட்டையில் அதைப் படுக்கவைத்து, சவர பிளேடால் சாய்வாக அறுப்பார்கள். பிளேடில் காந்தம் ஏறியிருந்தால் அறுத்த இடத்தில் டிக் ஒலி பதிந்துவிடும். ஆகையால் காந்தம் நீக்கிய பிளேடு வேண்டும்.

சாய்வு ஏன்? நாடாவின் அகலம் 6.35 மி.மீ.; ஸ்டூடியோக்களில் அது நொடிக்கு 38 செ.மீ. வேகத்தில் ஓடும். 45 பாகை சாய்வில் அறுத்தால் வெட்டு நாடாவின் நீளவாக்கிலும் 6.35 மி.மீ. பரவுகிறது. அந்தத் தூரம், நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டைக் கடக்க ஏறத்தாழ 17 மில்லிநொடி ஆகும். அந்த நேரத்துக்குள் பழைய ஒலி படிப்படியாகக் குறைய, புதியது அதே அளவு ஏறுகிறது. இன்றைய மென்பொருளின் கிராஸ்ஃபேட்டை ஒரு சவர பிளேடு அன்றே செய்திருக்கிறது. எனக்கு இதை எத்தனை முறை நினைத்தாலும் வியப்புத் தீர்வதில்லை.

இப்போது இடைவெளிகளை ஒவ்வொன்றாகத் தேடி மூட வேண்டியதில்லை. ‘ட்ரங்கேட் சைலன்ஸ்’ போன்ற வசதிகள் குறிப்பிட்ட ஒலியளவுக்குக் கீழே, குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் நீளும் அமைதியை எல்லாம் தாமாகவே சுருக்கிவிடும். தமிழில் வேலை செய்பவர்கள் இங்கே கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ‘பாட்டு’ என்று சொல்லிப் பாருங்கள். நாவின் நுனி அண்ணத்தில் ஒட்டி நிற்கும் கணத்தில் ஒலியே இல்லை. அலைவடிவத்தில் அது வெறும் தட்டைக் கோடு. அக்கா, பத்து, அப்பா என வல்லினம் இரட்டிக்கும் இடமெல்லாம் இப்படித்தான். அந்த மௌனம் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடும். நேர அளவை அதற்கும் கீழே வைத்தால் மென்பொருள் எழுத்தையே கத்தரித்துவிடும். இரட்டிப்பு தேய்ந்து சொல் அரைகுறையாகக் கேட்கும். ஒலியளவின் எல்லையை உயர்த்தி வைத்தாலோ, சொல்லின் கடைசியில் மெலிந்து ஒலிக்கும் குற்றியலுகரம் அமைதிக் கணக்கில் போய்விடும். ஆகவே நேரத்தை அரை நொடிக்குக் குறைக்காமலும், ஒலியளவை அறை இரைச்சலுக்குச் சற்று மேலாகவும் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

மூச்சொலியை முழுதும் களைவதும் கூடாது என்பேன். மூச்சே விடாமல் பத்து நிமிடம் பேசும் குரலைக் கேட்பவருக்கே மூச்சு முட்டும். மூச்சு இழுப்பதற்குச் சற்று முன்னால் வெட்டினால், அந்த மூச்சு அடுத்த வாக்கியத்தோடு சேர்ந்தே வந்துவிடும், ஒட்டும் தெரியாது.

இரண்டு மைக்கில் பதிந்த உரையாடலில் ஒரு டிராக்கில் மட்டும் ஓட்டையை மூடினால், அதற்குப் பிறகு கேள்வியும் பதிலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். எல்லா டிராக்குகளையும் சேர்த்தே தேர்ந்து வெட்ட வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஓட்டை திரும்பி வரக்கூடும். எம்.பி.3 கோப்பு ஒலியை 1,152 எண்கள் கொண்ட கட்டுகளாக, அதாவது ஏறத்தாழ 26 மில்லிநொடித் துண்டுகளாக, அடைக்கிறது. கடைசிக் கட்டு நிரம்பாவிட்டால் மீதியில் சுழிகளைப் போட்டு நிரப்பும். தொடக்கத்திலும் கொஞ்சம் அமைதியைச் சேர்க்கும். அத்தியாயங்களைத் தனித்தனி எம்.பி.3 ஆக்கிப் பிறகு இணைப்பவர்களுக்கு ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு சிறு விக்கல் கேட்பது இதனால்தான். வெட்டும் ஒட்டும் முடியும்வரை எல்லாம் இப்படிக் கட்டு கட்டாத வேவ் கோப்பாகவே இருக்கட்டும். முழுவதையும் ஒன்றாக இணைத்து, ஹெட்ஃபோனில் ஒருமுறை கேட்டு முடித்த பிறகு எம்.பி.3 ஆக மாற்றினால் போதும்.