குருந்தமும் கருமணலும்

மேல்வகுப்பு மாணவர் தம் குறிப்பேடுகளில் 'கொறண்டம்' என்றொரு கல்லின் பெயரை எழுதுவதைக் காணுந்தோறும் யான் வியப்பதுண்டு. அப்பெயர் ஆங்கிலேயர் நமக்குத் தந்ததன்று. நம்மிடமிருந்து அவர் கொண்டுசென்றது. தமிழில் குருந்தம் என்றும் வடமொழியில் குருவிந்தம் என்றும் வழங்கிய கல்லையே, 1798இல் சார்லசு கிரெவில் என்பார் இலண்டன் அரச கழகத்தார்க்கு ஒரு கட்டுரையால் விளக்கினார். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை கூறும் மாணிக்க வகை நான்கனுள் குருவிந்தமும் ஒன்றென உரைகாரர் காட்டுவர். இன்று உலகெங்கும் கனிப்பொருணூலார் நாவில் வழங்கும் அச்சொல்லை நாம் மட்டும் பிறர் சொல்லெனக் கருதித் திரித்தெழுதுகின்றோம்.

கனிப்பொருள் என்பது யாது? இயற்கையில் தானே தோன்றியதாய், உயிர்களின் ஆக்கம் அன்றாய், வரையறுத்த இரசாயன அமைப்பும் அணுக்களின் ஒழுங்கான அடுக்கும் உடையதாய் அமைந்த திண்பொருளே கனிப்பொருள். இவ்விதியை வைத்து நோக்கின், நம் முன்னோர் போற்றிய ஒன்பான் மணிகளுள் முத்தும் பவளமும் விலகிவிடும். அவை கடல்வாழ் உயிர்கள் ஆக்கிய சுண்ணப் பொருள்கள். பாறையென்பதும் கனிப்பொருள் அன்று. கனிப்பொருள் எழுத்து எனின், பாறை சொல். ஒரு கருங்கற் சில்லை உற்று நோக்கினால் குவாட்சு, பெலிசுபார், காக்காப்பொன் என்னும் அப்பிரகம் ஆகிய 'எழுத்துகள்' தனித்தனியே புலனாகும்.

இவை தோன்றும் வழிகள் பல. நிலத்தின் ஆழத்தே உருகிய குழம்பு ஆறுகையில் அணுக்கள் அணிவகுத்துப் பளிங்காகும். மெல்ல ஆறினாற் பளிங்கு பெரிதாகும், விரைந்து ஆறினாற் சிறிதாகும். உப்பளத்தில் நீர் வற்ற உப்புப் பூப்பது இன்னொரு வழி. முன்னரே உள்ள பாறை வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறிப் புதுப் பொருள்களை ஈனுவது வேறொரு வழி. நம் இலங்கையின் நிலத்திற் பத்தில் ஒன்பது பங்கு இவ்வாறு உருமாறிய தொல்பாறையே. இரத்தினபுரியின் மணிகளும், போகலை, ககட்டகக ஆகிய சுரங்கங்களின் காரீயமும் இத்தொல்பாறையின் கொடைகளே. காரீயமும் வைரமும் ஒரே காபன்தான். அணுக்கள் ஏடுகள்போல் அடுக்கப்பட்டால் விரலிற் கறைபடும் காரீயம், நாற்புறமும் இறுகப் பிணைந்தால் எல்லாவற்றினும் வன்மையுடைய வைரம்.

இனி, வகுக்கும் முறை. பண்டையோர் நிறங்கொண்டு வகுத்தனர். நிறமோ பொய் சொல்லும். அலுமினியமும் ஒட்சிசனும் கூடிய குருந்தத்திற் சிறிது குரோமியம் கலந்தாற் செம்மாணிக்கம். இரும்பும் தைத்தானியமும் கலந்தால் நீலக்கல். இரண்டும் ஒரே பொருள். மாறாக, பிரித்தானியப் பேரரசின் முடியின் முகப்பில் விளங்கும் 'கறுப்பு இளவரசர் மாணிக்கம்' மாணிக்கமே அன்று. சிபினெல் என்னும் வேறு கல். நூற்றாண்டுகளாக அரசரும் அமைச்சரும் மயங்கினர் எனின், நகைக்கடையில் நாம் மயங்குவதிற் புதுமை யாது?

இம்மயக்கம் தீர வழி தேடினோருள் முசுலிம் அறிஞர் முன்னணியில் நின்றனர். இப்னு சீனா பதினோராம் நூற்றாண்டிற் கனிப்பொருள்களைக் கற்கள், உருகுவன, கந்தகங்கள், உப்புகள் என நான்காக வகுத்தார். அவர் காலத்தவரான அல்பிரூனி, கண்ணை நம்பாது தராசை நம்பினார். மணியும் உலோகமுமாகப் பதினெட்டுப் பொருள்களின் தன்னீர்ப்பை நீரில் இட்டு அளந்தார். 1812இற் செருமானியரான மோசு என்பார், எது எதனைக் கீறும் என்று பார்த்து வன்மையைப் பத்துப் படிகளாக்கினார். அதிற் குருந்தம் ஒன்பதாம் படி.

இக்காலத்தார் வகுப்பது, அமெரிக்கரான தேனா என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நிலைநாட்டிய இரசாயன முறையைத் தழுவி. நமக்கு அது புதிதன்று. பகுதி எதுவாயினும் விகுதி நோக்கி நாம் சொல்லை வகுப்பதில்லையா? அவ்வாறே இரும்பு ஒட்சிசனோடு கூடினால் ஒட்சைட்டு, கந்தகத்தோடு கூடினாற் சல்பைட்டு, காபனேற்றோடு கூடினாற் காபனேற்று வகுப்பிற் சேரும். இன்று அறியப்பட்ட ஏறத்தாழ 6,000 இனங்களும் இவ்வாறே அடங்கும். புவியோட்டிற் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டது சிலிக்கேற்று வகுப்பொன்றே.

கலாயோகி ஆனந்த குமாரசுவாமியை நடராசர் திருவுருவின் தத்துவம் உரைத்தவராகவே இலக்கிய அன்பர் அறிவர். அவர் 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவீட்டின் முதற் பணிப்பாளராய் இருந்தவர். 1904இல் தோரியனைற்று என்னும் புதிய கனிப்பொருளைச் சபரகமுவா மாகாணத்திற் கண்டெடுத்தவர். கல்லை ஆராயச் சென்ற பயணங்களிலேதான் சிற்றூர்க் கைவினைஞரை அவர் கண்டார்.

இரத்தினபுரிக்குப் போக இயலாதார் நம் கீழைக் கரைக்கே வரலாம். வாடைக்காற்று அடங்கியபின் வெண்மணலிற் கரிய கீற்றுக்கள் படிந்திருக்கும். அலை நீரளவையாளனைப் போல இலகுவான குவாட்சை வாரிச் சென்று, பாரமான இல்மனைற்றை விட்டுச் செல்கின்றது. திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டையில் இதுவே பெரும் படிவு. அதனை அகழவே 1957இற் கனியமணற் கூட்டுத்தாபனம் அமைந்தது. இக்கரிய மணலிலிருந்து பெறும் தைத்தானியம் ஈரொட்சைட்டே வெள்ளைச் சாயத்தின் வெண்மைக்குக் காரணம். நாமோ மணலைக் கப்பலேற்றிச் சாயத்தை விலைக்கு வாங்குகின்றோம். குருந்தத்தைக் கொடுத்துக் கொறண்டத்தை வாங்கியது போலவே. 2018இல் திருக்கோவிலில் இல்மனைற்று அகழ்வை ஊரவர் எதிர்த்தனர். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையைக் கண்ட கரையோர மக்கள் தம் மணலுக்காக அஞ்சுவதை அறியாமை என ஒதுக்குதல் தகாது.

ஆசிரிய அன்பர் மாணவரை ஒருநாட் கரைக்கு அழைத்துச் செல்க. கருமணல் ஒரு பிடியைச் சிரட்டையில் இட்டு, நீர் வார்த்துச் சுழற்றிச் சுழற்றி ஊற்றினால் வெண்மணல் போய்விடும். எஞ்சியதை உருப்பெருக்காடியில் நோக்கினாற் கரியன இல்மனைற்று, சிவந்தன கார்னெற்று, நிறமின்றி மின்னுவனவற்றுட் சிர்க்கனும் இருக்கும். பொன்னிறம் எனப் பொருள்படும் பாரசீகச் சொல் அறபு வழியாக வந்து அப்பெயராயிற்று. அவுசுத்திரேலியாவிற் கிடைத்த சிர்க்கன் மணியொன்றின் வயது 440 கோடி ஆண்டு.